சீடித் தொரையின் ஜப்பான் முனி

ஹட்டனுக்கு இந்தப் பக்கம் ஜப்பான் மொழி தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சீடித் தொரைதான். அவருக்கும் அது தெரியாது என்பதைத் தவிர அந்தப் பெருமையில் ஒரு குறையும் இல்லை.

தோட்டத்தில் துரை என்றால் பங்களாவில் இருக்கும் மேலாளர். இவர் இருந்ததோ எங்கள் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி அறையில். ஆனாலும் துரைக்களை இவரிடம்தான் அதிகம். காக்கி அரைக்கால்சட்டை, நீளமான வெள்ளைக் காலுறை, தலையில் தொப்பி. கையில் துவாய் சுற்றிய சீடி பிளேயர். மழை வந்தால் குடையைப் பிளேயருக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வருவார். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில், ஞாயிறு மத்தியானம் எங்கள் தோட்டத்துக் கிளப்பில் படம் போடுவது அவர் வேலை. கொழும்பில் வேன் திருத்தும் கராஜ் ஒன்றில் மூன்று மாதம் இருந்தாராம். ஜப்பானிலிருந்து வந்து இறங்கிய வேன்கள் பின்னால் போகும்போது ஒரு பெண் குரல் ஏதோ சொல்லுமாம். அதைக் கேட்டே மொழியைப் படித்துவிட்டாராம். அப்படியென்றால் இவரால் ஜப்பான் மொழியில் ரிவர்ஸ் மட்டும்தான் போக முடியும் என்று என் அப்பா சொல்லுவார்.

ஒரு ஞாயிறு, தமிழ்ப் படம் பாதியில் கீறல் விழுந்து நின்றுவிட்டது. கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியதும் தொரை பையைக் கிளறி, நடைபாதையில் வாங்கிய உறையில்லாத சீடிக் கட்டிலிருந்து ஒன்றைப் போட்டார். ஜப்பான் கார்ட்டூன் தொடர். மலை மேல் ஒரு வீடு, அதில் ஒரு பெண். வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள், யாரிடமும் பேசமாட்டாள். இருட்டினால் கறுப்புக் கறுப்பாகப் பேய்கள் அவளைத் தூக்கிப் போக வரும். வாசலில் கறுப்புக் கோட்டும் நீள வாளுமாக, நரைத்த தலையோடு ஒருவன் நின்று அத்தனையையும் வெட்டிச் சாய்ப்பான்.

இது யாரென்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். தொரை யோசிக்கவேயில்லை. "தெரியலியா? நம்ம ரோதமுனி மாதிரி. அந்த ஊரு முனி" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தேயிலைத் தொழிற்சாலையின் ரோதையை, அதாவது சக்கரத்தை, காவல் காக்கும் சாமி ரோதமுனி. சூடம் கொளுத்தாமல் எங்கள் ஆட்கள் மெஷினில் கை வைக்கமாட்டார்கள். அடுத்த ஞாயிறு கிளப்புக்குப் போனால், டிவிக்கு முன்னால் வெற்றிலை, சுருட்டு, தேங்காய், சூடத்தட்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனோம். அவன் வாளை உருவும்போதெல்லாம் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு தடவை சூடப்புகையில் படமே தெரியவில்லை, அதற்கும் யாரும் குறை சொல்லவில்லை.

இதில் மிகவும் மகிழ்ந்து போனவர் எங்கள் பூசாரி. தொழிற்சாலையில் வேலை, முனிக்குப் பூசை வைப்பவரும் அவர்தான். அவருடைய ஒரே தங்கை சரோஜா அக்கா. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை எடுத்து வளர்த்தவர் என்பதால் அவருக்கு உலகத்தையே நம்ப முடியவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் குடம் நிறையும்வரை பக்கத்தில் நிற்பார். கொழுந்தெடுக்கப் போனால் மலையடிவாரம் வரை கூடவே போவார். துணி வாங்கினாலும் நிறத்தை அவர்தான் சொல்லுவார். அதனால் அக்காவின் உடுப்பெல்லாம் கோயில் திரைச்சீலை நிறத்திலேயே இருக்கும். படம் என்ற சொல்லே அந்த வீட்டுக்குள் போனதில்லை. இப்போது முனி வருகிறார் என்றதும், பூசாரியே அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னைத் துணைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

அப்போதுதான் கவனித்தேன், அக்கா வந்து உட்காரும்வரை தொரை படத்தைப் போடுவதில்லை. அவள் பிந்தினால் சீடியைத் துடைப்பார். மறுபடி துடைப்பார். இப்படித் துடைத்தே இரண்டு சீடிகளைத் தேய்த்துவிட்டார். ஒரு நாள் பீலியடியில் என்னை நிறுத்தி, சரோஜாவுக்குக் கதை பிடித்திருக்கிறதா என்று கேட்டார். மற்றவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. விஷயம் விளங்க எனக்குப் பரீட்சை முடிவு வரவேண்டியிருக்கவில்லை.

ஆனால் படம் தொரைக்கு உதவவில்லை. வாரம் போகப் போக அந்தக் காவல்காரன் பேயை வெட்டுவதைக் குறைத்துக்கொண்டு பெண்ணைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அவன் அவள் கையைப் பிடித்தால், பிள்ளைக்குக் காய்ச்சல், முனி நாடி பார்க்கிறார் என்று தொரை சொன்னார். அவள் வெட்கப்பட்டால், காய்ச்சல் ஏறிவிட்டது என்றார். பூ மழையில் இருவரும் நெருங்கி நின்ற காட்சியில் தொப்பியைக் கழற்றித் திரையையே மறைத்துக்கொண்டு, கரண்ட் குறைவு, கண்ணுக்குக் கெடுதி என்றார். முனி ஒரு பெண் மேல் ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால் பூசாரி படத்தை நிறுத்திவிடுவார். அதன்பிறகு சரோஜா அக்காவைத் தொரை எங்கே பார்ப்பது? பாவம், ஒவ்வொரு ஞாயிறும் அவர் வியர்த்துப்போவார், அதுவும் எங்கள் ஊர்க் குளிரில்.

கடைசிச் சீடி மட்டும் மீதியிருந்த ஞாயிறு, படம் முடிந்ததும் பூசாரி ஒரு செய்தி சொன்னார். கந்தப்பளையிலிருந்து சரோஜாவைப் பெண் பார்க்க வருகிறார்களாம், இன்னும் பத்து நாளில், புதன்கிழமை. அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தொரை அன்று பிளேயரைத் துவாயில் சுற்ற மறந்து அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு கிளப்பில் நிற்க இடமில்லை. கடைசிப் பேயும் செத்தது. காவல்காரன் வாளைக் கீழே போட்டான். பெண் முதல் தடவையாக வீட்டுப் படியிறங்கி ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தாள். தொப்பி தொரையின் கையிலேயே இருந்தது, அவர் மறைக்கவில்லை.

பூசாரி எழுந்துவிட்டார். "என்னா தொர இது? முனி பொம்பளப் புள்ளய கட்டிப் புடிக்கிறாரு?"

தொரை திரையைப் பார்த்தார். பிறகு பூசாரியைப் பார்த்தார். "அது முனி இல்லீங்க பூசாரிண்ணே. எனக்கு ஜப்பானும் தெரியாது. அவன் சும்மா மனுசன்தான். அந்தப் புள்ளைய அவனுக்குப் புடிச்சிருக்கு. கேக்கத் தைரியம் இல்லாம இத்தன நாளும் வெளியவே நின்னுட்டான்."

திரையில் அந்தப் பெண் அழுதுகொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் யாரும் கேட்டிராத ஒரு குரல் என் பக்கத்திலிருந்து வந்தது.

"அந்தப் புள்ள என்னா சொல்லுதுனு நீங்க சொல்லலியே?" சரோஜா அக்காதான்.

"அது எனக்குத் தெரியாதுங்க. அதுதான் சொல்லணும்" என்றார் தொரை.

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கும் புடிச்சிருக்காம்" என்றாள்.

பூசாரி தங்கையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தொரைக்கு அடி நிச்சயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரும் அதற்குத் தயாராகப் பிளேயரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். தன்னை அடித்தாலும் பரவாயில்லை, அதை உடைத்துவிடக் கூடாதாம்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில், கொழுந்துக்காரப் பெண்கள் பூசாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். தொரை பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டாரே, அதை ஒருத்தியும் ஏற்கவில்லை. முனி அவர் மேல் இறங்கித்தான் அப்படிப் பேசினாராம். இல்லாவிட்டால் ஒரு நாளும் வாய் திறக்காத சரோஜா பதில் சொல்லியிருப்பாளா? முனி கேட்ட பெண்ணைப் பூசாரியே கந்தப்பளைக்கு அனுப்பலாமா? ஆள் மேல் சாமி இறங்கும், சொன்னதை மறுக்கக் கூடாது என்று வருடா வருடம் எங்களுக்குச் சொன்னவரே அவர்தானே. பாவம், அவர் கந்தப்பளைக்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். தை மாதம் அக்காவுக்கும் தொரைக்கும் கல்யாணம். தாலியை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அழுதவரும் அவர்தான்.

தொரைக்கு மட்டும் அதில் மனக்குறை. வாழ்க்கையில் தைரியமாகப் பேசியது ஒரே ஒரு தடவை, அந்தப் பெயரையும் முனி தட்டிக்கொண்டு போய்விட்டாரே என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். ஒருவரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். அரைக்கால்சட்டைக்குக் கீழே அந்த இரண்டு முழங்கால்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். முனிக்குக் கால் நடுங்காது. அப்படி நடுங்கிக்கொண்டே நின்று கேட்டாரே, அதனால்தான் அந்த மனிதரை எனக்கு இன்றுவரை அவ்வளவு பிடிக்கும்.