முன்சக்கரம் வெளியே சாய்வதன் காரணம் குறித்துத் தம்பி எல்டனுக்கு

கட்லெக் பண்ணை,
சலைன் மாவட்டம், நெப்ராஸ்கா.
செப்டம்பர் கடைசி ஞாயிறு, மாலை.

என்னுடன் பிறந்தவனும், அரிசோனா வெயிலில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பிறருடைய பழைய கார்களுக்கு அடியில் குனிந்து பார்ப்பதையே ஓய்வுக்கால அறமாக மேற்கொண்டவனுமாகிய தம்பி எல்டனுக்கு, உன் அக்காள் ஆர்லிஸ் எழுதும் மடல்.

இங்கு யாவரும் நலம். நீயும் லோரெட்டாவும் நலமாகவே இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் தொலைபேசியில் முறையிட்டிருப்பாய். சோளம் முற்றி நிற்கிறது. என் கணவர் ரோமனின் இடது முழங்கால், மழையை முன்கூட்டிச் சொல்லும் பணியை வானொலியைவிடச் செம்மையாக ஆற்றி வருகிறது. மரியாதைகள் இத்துடன் நிறைவுற்றன, பொருளுக்கு வருகிறேன்.

ஈஸ்டர் விருந்தன்று, நம் தந்தை எமில் நம் இருவர் பெயரிலும் விட்டுச்சென்ற 1969-ஆம் ஆண்டு ஷெவெல் காரைக் குறித்து நீ உரைத்தவற்றை நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். "அக்கா, அது கூம்பு சுத்துற வண்டி இல்ல, கலைப்பொருள். கண்ணாடிக்குப் பின்னாடி வைக்கணும்" என்றாய். "கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்துதான்டா ஓட்டுறேன்" என்றேன். மேசை சிரித்தது, உனக்குக் கோபம் வந்தது. "சரி, அந்த வாண்டாவோட குட்டிக் கார ஒரே ஒரு தடவ ஜெயிச்சுக் காட்டு. இந்த சீசன் முடியறதுக்குள்ள. ஜெயிச்சா என் பாதியும் உனக்கு. இல்லன்னா லாரியோட வந்து ஏத்திக்கிட்டுப் போயிருவேன், சொல்லிட்டேன்" என்றாய். அப்போது உன் வாயில் ஒரு கொலாச்சே ரொட்டி இருந்தது என்பதைக் காட்டி, அது முறையான வாக்கு அன்று என்று வாதிட முயலாதே. பதினொரு பேர் கேட்டார்கள். அவர்களுள் ஒருவர் பாதிரியார்.

வாண்டா ப்ரோகாஸ்காவை நீ அறிவாய். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். அவளுடைய இரண்டு இருக்கைக் கார் நம் ஷெவெலின் டிக்கிக்குள் அடங்கிவிடும். பழைய விமான ஓடுதளத்தின் கான்கிரீட்டில் நாங்கள் ஆரஞ்சுக் கூம்புகளை வளைவு வளைவாக நட்டு, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்க்கிறோம். ஆட்டோகிராஸ் என்னும் அந்தப் போட்டியில் அவள் சுண்டெலிபோல் புகுந்து புறப்படுவாள். நானோ திருப்பத்துக்கு வந்து ஸ்டியரிங்கைத் திருப்புவேன். ஷெவெல் அதை ஒரு யோசனையாக மட்டும் ஏற்றுக்கொண்டு நேராகப் போகும். "ஆர்லிஸ், உன் வண்டி தானா திரும்புமா, இல்ல முன்கூட்டியே மனு போடணுமா?" என்று வாண்டா ஒலிபெருக்கியில் கேட்டாள்.

பிறர் இதற்கு வருந்தியிருப்பர். எனக்கோ காரணம் அறியும் ஆவல் பிறந்தது. எஞ்சினில் வலு குறைவில்லை, டயர் புதியது, பிறகு ஏன்? ரோமனைப் புல்வெளியில் நிறுத்திவிட்டு, அவர் முன்னால் பலமுறை வேகமாகத் திரும்பிக் காட்டினேன். அவர் பார்த்ததைச் சொன்னார்: "வெளிப்பக்கத்துச் சக்கரம் தலைய வெளியில சாச்சுக்கிட்டு, ஓரத்துல மட்டும் நிக்குது. குதிகால் தேஞ்ச செருப்பு போட்டவன் நடக்குற மாதிரி." இவ்வளவு துல்லியமான வாக்கியத்தை எங்கள் மணவாழ்வில் அவர் அதற்கு முன் மொழிந்ததில்லை.

நான் எவரிடமும் பாடம் கேட்டவள் அல்லள் என்பது உனக்குத் தெரியும். நூலகத்திலிருந்து மூன்று நூல்களை எடுத்து வந்தேன். காலை உணவு அட்டைப்பெட்டிகளைக் கத்தரித்து, சக்கரம் ஒன்று, அதைத் தாங்கும் மேல் ஆர்ம் ஒன்று, கீழ் ஆர்ம் ஒன்று என வெட்டி, சமையலறை அலமாரிக் கதவில் குண்டூசிகளால் பொருத்தினேன். அட்டைச் சக்கரத்தை விரலால் மேலே தள்ளியதும் உண்மை தன்னைத் தானே வெளிப்படுத்தியது. மேல் ஆர்மின் வெளிமுனை, உள்முனையைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. திருப்பத்தில் வண்டி சாய்ந்து சக்கரம் மேலேறும்போது அம்முனை வெளிப்புறமாக நகர்கிறது. சக்கரத்தின் தலையையும் வெளியே தள்ளிவிடுகிறது. அந்தக் காரை வரைந்தவர்கள் நேர்ச்சாலையில் தேவாலயத்துக்குப் போகும் மனிதரை எண்ணி வரைந்தார்கள். கூம்புகளுக்கிடையே பாயும் அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருத்தியை அவர்கள் எண்ணாதது குற்றமன்று. மேல் ஆர்மின் வெளிமுனைக் குண்டூசியைச் சற்று உயர்த்திக் குத்தினேன். சக்கரத்தின் தலை பணிவோடு உள்ளே சாய்ந்தது. அன்று இரவு உணவு இல்லை. ரோமன் வெறும் பாலைக் குடித்துக்கொண்டே அந்தச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே அம்முனையை உயர்த்தித் தாங்கும் நீளமான பால் ஜாயின்ட், புதிய மேல் ஆர்ம்கள், குட்டையான விறைப்பான ஸ்பிரிங்குகள், புதிய ஷாக் அப்சர்பர்கள், வண்டியின் உடல் சாய்வதைத் தடுக்கும் பருமனான கம்பி ஆகியவற்றை வரவழைத்து, கொட்டகையில் முன்பக்கம் முழுவதையும் கழற்றினேன். (உன் கை நெஞ்சில் இருப்பதை இங்கிருந்தே காண்கிறேன். உட்கார்ந்து படி.) பழைய ஸ்பிரிங் என்பது பல்லாண்டு அடக்கிவைத்த கோபம். நூல் அறிவுறுத்தியவாறே அதைச் சங்கிலியால் பிணைத்து, ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்கினேன். சங்கிலி தன் கடமையைச் செய்தது. ஆயினும் சங்கிலியின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் ஸ்பிரிங் பாய்ந்து, பலகைமேல் இருந்த ரோமனின் காப்பிக் கோப்பையை உலகிலிருந்து நீக்கிற்று. "இது காரா, கண்ணிவெடியா?" என்றார், கைப்பிடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு.

புதிய பாகங்கள் யாவும் தத்தம் இடத்தில் அமர்ந்தன. போல்ட்டுகள் அனைத்தையும் நூல் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். ஜாக்கியை இறக்கினேன். குட்டையான ஸ்பிரிங் போட்ட வண்டி தாழ்ந்து நிற்கவேண்டும் அல்லவா? நின்றதோ வானத்தைப் பார்த்து.

"ஆர்லிஸ், வண்டி மூக்கத் தூக்கிட்டு நிக்குது."

"தெரியுது."

"உன்ன மாதிரியே."

இது ஆராய்ச்சிக்குரிய நிலை என்று மட்டும் விடையளித்தேன். முதலில் ரோமனை முன்பக்கத்தில் ஏறி உட்காரச் சொன்னேன். பிறகு விதைக் கோதுமை மூட்டைகள் இரண்டு. அந்நேரம் பார்த்து, பிளம் கொலாச்சே ஒரு தட்டுடன் உளவு பார்க்க வந்த வாண்டாவையும் ஏற்றினேன். இருவரும் மூட்டைகளும் தட்டுமாகச் சேர்ந்து குலுக்கியதில் வண்டி தாழ்ந்தது. எல்லாரும் இறங்கியதும், தேவாலயத்தில் பாட்டுக்கு எழுவதுபோல் மெல்ல மறுபடி எழுந்து நின்றது. எனக்கு வியப்பு தாளவில்லை. ஆர்மின் முனையில், போல்ட்டைச் சுற்றி, ரப்பர் புஷ் ஒன்று இருக்கிறது. கழற்றிய பழையது ஒன்றைப் பிடிசட்டத்தில் இறுக்கி முறுக்கிப் பார்த்தேன். விட்டதும் பழைய நிலைக்கே திரும்பியது. மறுபடி முறுக்கினேன், மறுபடி திரும்பியது. ரப்பர் எந்த நிலையில் இறுக்கப்பட்டதோ அந்த நிலையையே தன் பிறந்த வீடாகக் கொள்கிறது. எங்கே வாழப்போனாலும் அங்கேயே திரும்பத் துடிக்கிறது!

"ஏன்டி, போல்ட்ட எப்ப இறுக்குன?" என்றாள் வாண்டா, வாய் நிறையப் பிளம் பழத்துடன். "சக்கரம் அந்தரத்துல தொங்குறப்பவா, வண்டி தரையில நிக்கறப்பவா?"

அதே கணத்தில் நானும் அதே முடிவை எட்டியிருந்தேன் என்பதை நீ நம்பவேண்டும். அவள் வாய் சற்று முந்திக்கொண்டது, அவ்வளவே. சக்கரங்களைப் பலகைகள்மீது ஏற்றி, வண்டியின் பாரம் முழுவதும் அவற்றின்மேல் இறங்கிய நிலையில் அடியில் ஊர்ந்து சென்று, போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். "அய்யோ, எனக்கு நானே குழி வெட்டிக்கிட்டேனே" என்று வாண்டா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அடித்துக்கொண்டாள். ஷெவெல் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்து உட்கார்ந்தது.

அடுத்து, சக்கரங்களின் சாய்வை அளந்து சரிசெய்யும் வீல் அலைன்மென்ட். நகரத்துப் பட்டறையின் இளைஞர் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க கேக்கற அளவெல்லாம் செவப்புல காட்டுது. பச்சைக்கு வந்தாத்தான் நான் விடுவேன்" என்றார். பச்சை என்பது நேர்ச்சாலை மனிதருக்கான அளவு என்பதை அட்டைச் சக்கரத்தை எடுத்துக்காட்டி விளக்கினேன். அதை நான் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னால் ஐந்து வண்டிகள் நின்றன. இறுதியில் வீட்டுக்கு வந்து, நூற்கயிறு கட்டி, இரசமட்டம் வைத்து, நானே அளந்து முடித்தேன்.

இனி இன்றைய நாள். சீசனின் கடைசிப் போட்டி. காலையிலேயே ரோமனின் முழங்கால் புயல் என்றது; மேற்கே வானம் கத்தரிக்காய் நிறமாயிற்று. எங்கள் வழக்கப்படி, ஒரு குழு ஓட்டும்போது மறு குழு வெயிலில் நின்று, விழுந்த கூம்புகளை எடுத்து நிறுத்தவேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்வோம். ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் சுண்ணக்கட்டியால் ஒரு கட்டம் வரைந்திருக்கும். கூம்பு சாய்ந்தாலோ கட்டத்தைவிட்டு நீங்கினாலோ அருகில் நிற்பவர் கொடியை உயர்த்துவார், ஓட்டுநரின் நேரத்துடன் இரண்டு வினாடி கூடும். முதலில் வாண்டா ஓட்டினாள், நான் கூம்பு எடுத்தேன். அவளுடைய சிறந்த நேரத்தைப் பலகையில் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பிறகு என் முறை. முதல் ஓட்டத்தில் ஒரு கூம்பைத் தள்ளினேன். இரண்டாவது சுத்தம், ஆனால் பயந்து ஓட்டியது. மூன்றாவதும் கடைசியுமான ஓட்டத்துக்கு வரிசையில் நின்றபோது, இன்றைக்கு எஞ்சியிருந்த ஒரே கார் நம்முடையது. முதல் மழைத்துளிகள் கண்ணாடியில் தட்டின.

வாண்டா கொடியுடன் சன்னலருகே வந்தாள். "கடைசித் திருப்பத்துல நான்தான் நிக்கிறேன். என்மேல ஏத்திடாத. நீ ஜெயிச்சாலும் சாட்சி சொல்ல ஆள் வேணும்ல?"

எல்டன், நீ அருகில் இருந்திருக்கவேண்டும். திருப்பினேன், திரும்பியது. இதைவிடச் சுருக்கமாகவும் இதைவிடப் பெரிதாகவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா ஓட்டிய அதே ஸ்டியரிங் வழியாக, தரை என் உள்ளங்கையில் பேசியது. வளைவு வளைவாக வண்டி கான்கிரீட்டைக் கவ்வியது. கடைசித் திருப்பத்தில், கொடியை உயர்த்தாமல் வாய் பிளந்து நிற்கும் வாண்டாவைக் கண்டேன். "சுத்தமான ஓட்டம்!" என்றது ஒலிபெருக்கி. வாண்டாவைவிடக் கால் வினாடி குறைவு. உடனே வானம் பொத்துக்கொண்டது. எல்லாரும் ஓடி ஓடிக் கூம்புகளை வாரி வண்டியில் வீசினார்கள். சொட்டச் சொட்ட நனைந்து வந்த வாண்டா, "தோத்ததுகூடப் பரவால்ல. ஆனா அந்தக் கப்பல் திரும்புனத என் கண்ணால பாத்தேனே, அதத்தான் தாங்க முடியல" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகவே, அருமைத் தம்பி, ஈஸ்டர் வாக்கின்படி ஷெவெலின் உன் பாதி என்னைச் சேர்ந்தது. காலந்தாழ்த்தாது கையெழுத்திட்டு அனுப்புவாயாக. லாரிக்குச் சொல்லிவைத்திருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடு. தோல்வியை நீ பெருந்தன்மையுடன் ஏற்பாய் என்பதில் ஐயமில்லை. நம் குடும்பத்தில் எவரும் அப்படி ஏற்றதில்லை என்பது வேறு செய்தி.

உன் கார்களின் குரோமியம் மங்காதிருக்க, குனியக் குனிய உன் முதுகு நோகாதிருக்க, லோரெட்டா உன்னைப் பொறுத்தருள, கர்த்தர் துணைநிற்பாராக.

வெற்றியின் பணிவுடன்,
உன் அக்காள்,
ஆர்லிஸ் கட்லெக்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்க நேர்ந்தது. என் கைவேலையை ரசிப்பதற்காக வண்டியை ஜாக்கியில் ஏற்றி ரோமனை அழைத்தேன். அவர் விளக்கைப் பிடித்துக் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இந்த ஆரஞ்சு கலர் பார்ட் எதுக்கு?" என்றார். நான் ஆரஞ்சு நிறத்தில் எதையும் வாங்கவில்லை. வலப்பக்கம், கீழ் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில், அப்பளம்போல் நசுங்கி ஒரு கூம்பு. வாண்டாவுக்குத் தொலைபேசினேன். "பிடுங்கித் தூர எறி. சுத்தம்னு சொன்னவ நானு. நான் எதையும் பாக்கல" என்றாள். "கட்டத்துல இருக்கவேண்டியது என் கொட்டகையில இருக்கேடி" என்றேன். "அது போய் எல்டன்கிட்டச் சொல்லவா போகுது?" என்றாள். அது சொல்லாது, எனவே நான் சொல்கிறேன். முன் ஓட்டங்களில் சிக்கியிருந்தால் காலிக் கட்டம் காட்டிக்கொடுத்திருக்கும்; ஆகவே இது கடைசி ஓட்டத்துக் கூம்பு. இரண்டு வினாடி கூடும். நான் தோற்றேன். கார் உன்னுடையது, லாரியுடன் வா. மேலே வெற்றி தொடர்பாக எழுதியவற்றை அடித்துவிட்டுப் படி. சஸ்பென்ஷன் தொடர்பானவை அப்படியே நிற்கும்.

ஒரேயொரு விண்ணப்பம். ஓடும் வண்டியில் ஒரு முழுக் கூம்பு அந்த இடுக்குக்குள் எப்படி நுழைந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. இன்னொரு கூம்பைக் கொண்டு எல்லாக் கோணத்திலும் முயன்றேன், நுழைய மறுக்கிறது. காரணம் தெரியாமல் தடயத்தைக் கலைப்பது முறையன்று. ஆகையால் அது விளங்கும்வரை வண்டி ஜாக்கியைவிட்டு இறங்காது. விளங்கியதும் அன்றே உனக்கு எழுதுவேன், வாக்குத் தவறமாட்டேன். எத்தனை நாளாகும் என்று மட்டும் கேட்காதே. முறையான ஆராய்ச்சிகள் சில தலைமுறை தாண்டியும் நடப்பதுண்டு என்று நூல்களில் படித்திருக்கிறேன்.