பிச்சைச் சம்பள விசாரணைக்கு அறுத்த சேவல்

786

சாய்ந்தமருது,
1979 செப்டெம்பர் 19.

அன்புள்ள மருமகன் மசூர் அறிய, மாமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே உமது உம்மா, வாப்பா, ராத்தாமார், மாமி எல்லோரையும் அல்லாஹ் சுகமாகவே வைத்திருக்கிறான். என் முழங்காலை மட்டும் அவன் மறந்திருக்கலாம், அதற்காக முறையிடவில்லை. புறக்கோட்டைப் புடைவைக்கடையில் பகல் முழுவதும் நிற்கும் உமது கால்களுக்கும் அவனே பெலன் தருவானாக. வாப்பாவின் அலுவல் என்னவாயிற்று என்று நீர் கேட்டு எழுதிய கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பதில் எழுதத் தொடங்கினேன், கிழித்தேன், மறுபடி தொடங்கினேன். நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த நாளிலிருந்தே, முதலில் இலக்கமிட்டுக்கொள்ளாமல் எழுதினால் விஷயம் என் கையை விட்டுப் போய்விடும். ஆகையால் இக்கடிதத்தில் வருவன பின்வருமாறு:

1. வாப்பாவின் விண்ணப்பத்துக்குப் பத்திரங்கள் சேர்த்த விதம்.
2. விசாரணைக்கு உத்தியோகத்தர் வந்த அன்று வீட்டில் நடந்தது.
3. அந்த உத்தியோகத்தர் வாப்பாவுக்குச் செய்த அநியாயம்.
4. வாப்பா என்னோடு கதைக்காமல் இருப்பதும், அதற்கு நீர் செய்ய வேண்டியதும்.

முதலாவது. நெல் மில்லில் பெல்ட் இழுத்து வாப்பாவின் வலது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுபோன பிறகு, முதலில் நான் போனது மில் முதலாளியிடம்தான். இத்தனை வருடம் வேலை செய்தவருக்குச் சேமலாப நிதியில் ஏதாவது இருக்குமே என்று பயந்து பயந்து கேட்டேன். அவர் என் தோளில் கைபோட்டு, "என்ன நீங்க! மீராசா எனக்குத் தம்பி மாதிரி. தம்பிக்கு ஆராவது ஈ.பி.எஃப். கட்டுவாங்களா?" என்றார். அந்தப் பாசத்தோடு அவர் தந்த சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன். ஆக, மிஞ்சியது அரசாங்கத்தின் மாதாந்த உதவி ஒன்றுதான். சனங்கள் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது உமக்குத் தெரியும். பிச்சைச் சம்பளம் என்ற அந்தச் சொல் வாப்பாவின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. 'அங்கவீனர் கொடுப்பனவு, அங்கவீனர் கொடுப்பனவு' என்று பாடம் சொல்லுவதுபோல் சொல்லிச் சொல்லித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். பிறப்புப் பதிவு இல்லாதபடியால் வயதை மதிப்பிட்டுத் தரும் சான்றிதழ், டொக்டரின் அத்தாட்சி, கிராம சேவகரின் கையொப்பம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அதில் கிராம சேவகரின் கையொப்பம் லேசில் கிடைக்கவில்லை. வாப்பாவின் வாக்கு மூத்த ராத்தாவின் வீட்டு முகவரியில் இருக்கிறது, அரிசிக் கூப்பன் இளைய ராத்தாவின் வீட்டில் இருக்கிறது, அவரும் உமது உம்மாவும் படுப்பது இளையவளின் வளவுக்குள் பின்னால் போட்ட குசினியில். இரண்டு மகள்மாருக்கும் இரண்டு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஒதுங்கிக்கொண்ட மனிதரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று இரண்டு கிராம சேவகர்மாரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். 'சொந்த வீடு உண்டா?' என்ற கேள்விக்கு வாப்பா, "ரெண்டு கட்டின என்டு எழுதுங்க மச்சான்" என்று பிடிவாதமாக நின்றார். உண்மையை மறைக்கவும் கூடாது, அவர் மனத்தை நோகடிக்கவும் கூடாது என்று நான், 'கட்டியது இரண்டு, இப்போது உள்ளது இல்லை, விபரம் இணைப்பில்' என்று எழுதி, நம் ஊர்ச் சீதன வழக்கத்தை விளக்கித் தனித்தாளும் வைத்தேன். கந்தோர்ப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ஓம், இல்ல மட்டும் எழுதுற இடம்" என்று சொல்லித் திருப்பித் தந்தது. 'இல்லை' என்று எழுதும்போது வாப்பா என் பேனையைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது. வீட்டைப் பார்த்து விசாரிக்க உத்தியோகத்தர் வருகிறார் என்று கிராம சேவகர் சொல்லியனுப்பினார். நான் உமது உம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "தங்கச்சி சுபைறா, நாளைக்குக் கந்தோரால ஒராள் வாறார். வீடு வாசலை ஒழுங்கா வைங்க." அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் நான் போனபோது எனக்கே அது நம் வீடுதானா என்று மட்டுக்கட்ட முடியவில்லை. விசாரணையை இளையவளின் முன்மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டு றுகையாவின் கதிரைகள் வரிசையாக இருந்தன. யன்னலுக்குப் புதுச் சீலை. மூத்தவள் மைமூனா தன் வீட்டிலிருந்து பூப்போட்ட பீங்கான்களைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பின்னால் சேவல் ஒன்று அறுத்தாகிவிட்டது. குழம்பு மணம் ஒழுங்கை முடக்கு வரையில் அடித்தது. வாப்பா பெருநாள் சேட்டோடு, வாசனை பூசி, மடங்கிய கைக்கு மேல் சால்வையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பவர் போல நின்றார்.

"என்ன புள்ள இது? வாறவர் நம்மட கஷ்டத்தையெல்லா பாக்க வாறார்" என்று உம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"காக்கா, அவர் கவர்மென்ட் மனிசன். முதல்முதலா நம்மட வாசல்ல ஏறுறார். வெறுந் தேத்தண்ணியக் குடுத்து அனுப்பினா என்ன நினைப்பார்? மீராசாட வீட்டில ஒண்டுமில்ல என்டெல்லா நினைப்பார்!"

அதைத்தானே அவர் நினைக்க வேண்டும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

உத்தியோகத்தர் தம்பிலுவிலைச் சேர்ந்தவர், வேலப்போடி என்று பெயர். சைக்கிளில் வந்து இறங்கினார். வரும்போதே கும்பிட்டு, "ஆடி அமாவாசை வருகுது, திருக்கோவில் தீர்த்தத்துக்கு விரதம் பிடிக்கிறன். மச்சம் மாமிசம் தொடமாட்டன், குறை நினைக்காதீங்க" என்றார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று தலையில் கைவைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. யாரோ ஓடிப்போய் வாழைப்பழமும் சோடாவும் கொண்டுவந்தார்கள். ஆக்கிய குழம்பை என்ன செய்வது? வாப்பா எங்களையெல்லாம் இருத்திப் போடச் சொன்னார். நானும் மூத்த மாப்பிள்ளையும் கிராம சேவகரும் விசாரணை நடக்க நடக்கச் சாப்பிட்டோம். அப்படி ஒரு விசாரணை என் உத்தியோக காலத்தில் நான் கண்டதில்லை.

"வருமானம் எப்பிடி?" என்று கேட்டார் அவர்.

"அல்லாஹ் தாறான் ஐயா. ஒரு குறையுமில்ல."

"கை?"

"அது கொஞ்சம் மரத்திரிக்கி. போயிரும்."

"மகன் பாக்கிறாரா?"

"ராசா மாதிரி வச்சிரிக்கான்!"

மருமகனே, நீர் உமது செலவைச் சுருக்கி அனுப்புவது எவ்வளவென்று எனக்குத் தெரியும். நிறுத்துங்கள் என்பதற்காக மேசைக்குக் கீழே வாப்பாவின் காலை மிதித்தேன். இரண்டு தரம் மிதித்தேன். வாப்பா நிறுத்தவில்லை. உத்தியோகத்தர் தன் காலை மரியாதையாக இழுத்துக்கொண்டபோதுதான் நான் மிதித்தது யாரை என்று விளங்கியது. அவர் ஏதோ எழுதினார், பழத்தை எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

மூன்றாவது. அதன் பிறகு ஒரு பதிலும் இல்லை. ஒழுங்கை முடக்கில் இருக்கும் முகம்மது தம்பி, கால் முறிந்தவர், நமக்குப் பிறகு விண்ணப்பித்தவர், அவருக்குக் கொடுப்பனவு வந்துவிட்டது. அவருடைய வீட்டில் உத்தியோகத்தருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் தெளிவானது போலிருந்தது. அந்த மனிதர் கையைப் பார்க்கவில்லை, பீங்கானைத்தான் பார்த்திருக்கிறார்! சால்வையை எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு ஏழையின் மரியாதையைச் செல்வம் என்று எழுதிக்கொண்டு போனவர் என்ன உத்தியோகத்தர்? என் ஆயுளில் நான் எந்த உத்தியோகத்தருக்கு எதிராகவும் எழுதினவனல்ல. மேலதிகாரி தும்மினால் எழுந்து நின்றவன். ஆனாலும் உமது வாப்பாவுக்காகத் துணிந்து, அவருடைய அறிக்கையை ஏற்கக்கூடாது என்று அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு மேன்முறையீடு எழுதினேன். கதிரை யாருடையது, பீங்கான் யாருடையது, சேவல் எப்படி வந்தது என்று பந்தி பந்தியாக விளக்கி, பதிவுத் தபாலில் போட்டேன். பற்றுச்சீட்டை இரண்டு தரம் வாசித்துச் சட்டைப்பையில் வைத்தேன். வெளியே வந்தபோது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

நான்காவது. மேன்முறையீட்டுக்கு எப்படியும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். இந்தமுறை பிழைக்கக் கூடாது என்று வாப்பாவிடம் போய், "மச்சான், கந்தோருக்குப் போகக்குள்ள அந்தப் பழைய சாறன உடுத்துங்க. சேட்டு வேணாம், கிழிஞ்ச பெனியன் போதும். தாடியும் இரண்டு நாளைக்கு இரிக்கட்டும். சால்வையைப் போடாதீங்க, கை தெரியட்டும்" என்றேன்.

அவர் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அந்தக் கைக்கு மேல் போட்டுக்கொண்டார்.

"அங்கவீனர் கொடுப்பனவு, அங்கவீனர் கொடுப்பனவு என்டு சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்தீங்க மச்சான். இப்ப நீங்களே அதைப் பிச்சைச் சம்பளமாக்கிப் போட்டீங்களே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்தச் சொல் அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. எனக்காகத்தான் தெரியாதது போல் இருந்திருக்கிறார்.

அன்றிலிருந்து பேச்சில்லை. நான் முன்வாசலால் வந்தால் அவர் பின்வேலியால் போகிறார். பள்ளியில் தொழும்போது நான் நிற்கும் சஃப் வரிசையில் நிற்பதில்லை. போன வெள்ளிக்கிழமை அவர் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்துகொண்டே உம்மாவிடம் சொல்ல, உம்மா வந்து, "காக்கா, தேத்தண்ணி குடிப்பீங்களா என்டு கேக்கச் சொன்னாங்க" என்றாள். "குடிப்பேன் என்று சொல்லுங்க" என்றேன். "கேட்டுட்டன், சீனி போடவா என்டு கேளு" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். உம்மா, "நான் என்ன டெலிபோனா?" என்று இரண்டு பேரையும் ஏசிவிட்டுச் சீனி போடாமலே கொண்டுவந்து வைத்தாள். ஆகவே நீர் வாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும். பழைய சாறன் உடுத்துவதில் குறைச்சல் ஒன்றுமில்லை என்றும், மாமா சொல்வது நன்மைக்கே என்றும், விசாரணைக்கு அப்படியே போகும்படியும் எழுதும். நீர் எழுதினால் கேட்பார்.

உமது உழைப்பில் பரக்கத்தும், தேகத்தில் சுகமும், முதலாளியின் மனத்தில் இரக்கமும் உண்டாக அல்லாஹ் அருள்வானாக. மாமி சலாம் சொல்கிறாள். இரவு சோற்றுக்குப் பதிலாகப் பணிஸ் தின்று படுக்க வேண்டாமாம்.

இப்படிக்கு,
உமது மாமா,
அ. பக்கீர் முகைதீன்.

பி.கு. இக்கடிதத்தை ஒட்டுமுன், மேன்முறையீட்டுக்குத் திகதி குறித்தார்களா என்று கேட்க இன்று கந்தோருக்குப் போனேன். உத்தியோகத்தர் வேலப்போடி என்னைக் கண்டுவிட்டார். ஒளிந்துகொள்ள இடமிருக்கவில்லை. எழுந்து வந்து தன் கதிரையில் என்னை இருத்தினார்.

"ஐயா, உங்கட மச்சானுக்குக் குடுக்கணும் என்டு நான் அந்தக் கிழமையே எழுதிட்டன். அனுமதியும் வந்திட்டு. அனுப்பப் போக்குள்ளதான் என்ர அறிக்கைய ஏற்கக் கூடாது என்டு கச்சேரியால உங்கட கடிதம் வந்திரிக்கி. அது விசாரிச்சு முடியுமட்டும் ஒண்டும் குடுக்க ஏலா."

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட முடியாதா என்று கேட்டேன். பதிந்தாகிவிட்டதாம். விசாரணையில் நான் நேரில் நின்று, முறைப்பாடு பிழை என்று சொல்லிக் கையொப்பம் வைக்கவேண்டுமாம். அதற்குப் பிறகு கொடுப்பனவு மெல்ல வருமாம்.

"ஒரு குறையுமில்லை என்று அவரே சொன்னாரே, எப்படிக் குடுக்கணும் என்று எழுதினீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஐயா, நான் போற வீடெல்லாம் ஒரு குறையுமில்ல என்டுதான் சொல்லுவாங்க. எங்கட ஊரிலயும் அப்பிடித்தான். நான் அதை எழுதுறல்ல. மறுகா, எனக்கு விரதம், நான் சாப்பிடல்ல. அவருக்கு என்ன விரதம்? எல்லாருக்கும் போடு போடு என்டு நிண்டார், தான் ஒரு வாய் வைக்கல்ல. வலது கையால எடுக்க ஏலா, பந்தியில இடது கையால தின்ன மனமில்ல. வீட்டில ஆரோ ஊட்டி விடுறாங்க போல. இதுக்குப் பிறகு நான் சால்வைய எடுக்கச் சொல்லுறதா?"

நான் வாப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன், மசூர். கறியில் உறைப்பு அளவாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை சுபஹுத் தொழுகைக்குப் பின் சொல்ல நினைக்கிறேன். அவர் பேசாவிட்டாலும் நிற்கச் சொல்லிச் சொல்வேன். நான்காவதில் கேட்டபடி நீர் ஒன்றும் எழுத வேண்டாம். அவர் பெருநாள் சேட்டோடேயே வரட்டும். இக்கடிதத்தைக் கிழித்து வேறு எழுதினால் நான் எழுதியதை மறைத்ததாகும், ஆகையால் அப்படியே அனுப்புகிறேன். மூன்றாவதில் எழுதியது பிழை. அதில் உத்தியோகத்தர் என்று வரும் இடங்களிலெல்லாம் மாமா என்று திருத்தி வாசித்துக்கொள்ளும்.