சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை

வேலமரத்தை விட்டால் வேறு நிழலே இல்லாத ஓர் ஆப்பிரிக்கக் காட்டில், மாசாய் இனத்துக் கினிக்கோழிப் பெண்கள் மணி கோத்துப் பிழைத்து வந்தார்கள். புதன்சந்தைக்கு மணிமாலையோடு போவார்கள், சோளத்தோடு திரும்புவார்கள். அவர்களில் கெட்டிக்காரி நசேரியான். எட்டுக் குஞ்சுகளுக்குத் தாய்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? வந்து சேர்ந்தார் கொய்னெட் என்கிற வழுக்கைப் பெருநாரை. திட்ட மேலாளராம்.

"உங்கள் தொழிலை மேம்படுத்தப் போகிறேன். அதுவரை யாரும் தொழில் செய்ய வேண்டாம்" என்றார்.

மணிகளையெல்லாம் கிடங்கில் போட்டுப் பூட்டினார். காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சியைப் பற்றிய கூட்டம். ஒன்பது மாத வேலைக்கும் அட்டவணையாக வேலமரத்தில் ஒரு நீள நூல் தொங்கியது. வேலை நேரத்தோடு முடிந்தால் பச்சை மணி, தாமதமானால் சிவப்பு மணி. அவர் தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார், நசேரியான் கோப்பாள்.

நாளெல்லாம் கூட்டத்தில் உட்கார்ந்தால் வேலை எங்கே நடக்கும்? நூலில் சிவப்பாகவே ஏறியது. பத்துச் சந்தை போய்விட்டது. குஞ்சுகள் வெறும் மண்ணைக் கிளறுவதைப் பார்த்து நசேரியான் நாரையிடம் போனாள்.

"ஒரு பிடி மணியாவது குடுங்க சார். பிள்ளைங்க பட்டினி."

"மணி கொடுப்பது எட்டாம் மாத வேலை. இது மூன்றாம் மாதம்தானே?"

அந்த வாரமே, மேலிடத்து ஒட்டகச்சிவிங்கி அம்மா பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. நாரைக்குக் கை கால் ஓடவில்லை. வழுக்கையைத் துடைக்கும் அவசரத்தில், மிச்ச மணியைக் கோக்கச் சொல்லி டப்பாவையே நசேரியானிடம் கொடுத்துவிட்டார்.

அவள் நூலை ஏற இறங்கப் பார்த்தாள். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சைதான் வரவேண்டும், அதுதான் அவர்கள் முறை. சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பா? கை சும்மா இருக்குமா? மொத்தத்தையும் உருவி, சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று நூல் முழுக்கக் கோத்தாள்.

"அக்கா, அது வேலைக் கணக்காச்சே" என்றாள் தோழி சிமிரேன்.

"இருக்கட்டும்டி. வர்றவங்க முன்னாடி இந்த அலங்கோலமா தொங்கும்?"

ஒட்டகச்சிவிங்கி அம்மா வந்தார், பார்த்தார். "போன அறிக்கையில் எல்லாம் சிவப்பு. இப்போது பாதி பச்சை. நல்ல முன்னேற்றம்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை நான் எடுத்துக்கொள்ளவா?" என்று கேட்டார். ஒன்பது மாதத் திட்டம் அவர் கழுத்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. பதிலுக்கு இரண்டு மூட்டை சோளம் இறக்கினார். குஞ்சுகள் இரைப்பை புடைக்கத் தின்றன. நசேரியான் அழுதே விட்டாள்.

ஒன்பதாம் மாதம் தொடங்க வேண்டிய மணிமாலை விற்பனை ஆறு மாதம் முன்னதாகவே தொடங்கிவிட்டதாக நாரை அறிக்கை எழுதினார். திட்டம் நீட்டிக்கப்பட்டது. மேலிடத்தில் கழுத்து நீண்டவர்கள் நிறையப் பேர். மாதம் ஓர் அட்டவணை போயிற்று, சோளம் வந்தது.

ஒரே ஒரு முறைதான் சிக்கல்.

"ஏண்டி சிமிரேன், நேத்துப் பயிற்சியை நேரத்தோட முடிச்சியாமே? பிள்ளைக்குட்டி இருக்கிற வீட்டுல செய்யிற வேலையா இது?" என்று கடிந்துகொண்டாள் நசேரியான்.

சிமிரேன் தலைகுனிந்தாள். அடுத்த பயிற்சிக்கு மூன்று நாள் தாமதமாக வந்தாள்.

நீதி: எல்லா வேலையையும் நேரத்தோடு முடித்துவிடாதீர்கள்; பிறகு சிவப்பு மணிக்கு எங்கே போவது?