பரீட்சை வீடு

காலிங் பெல் வயரைப் பிடுங்கியதுதான் ஆவுடையப்பன் செய்த முதல் தப்பு.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. குக்கர் அடுப்பில் ஏறவில்லை. மிக்ஸியைப் பரணில் தூக்கிப் போட்டாயிற்று. சொட்டுச் சொட்டென்று ஒழுகும் அடுப்படிக் குழாயில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியாயிற்று. பத்து மணிக்குப் பாண்டிசெல்வி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். கதவைச் சாத்துமுன் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரம். ஒரு சத்தம் கேக்கக் கூடாது. ஒரு ஆள் வரக் கூடாது."

"நான் பாத்துக்கிடுதேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

அவள் சொன்னதில் தப்பே இல்லை.

இணையத்தில் விளம்பரம் செய்யப் படித்தவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அதற்கான பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால், எங்கோ இருந்துகொண்டு ஒருவர் கேமரா வழியாகக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு முகம் தெரிந்தாலோ வேறு குரல் கேட்டாலோ பரீட்சை ரத்து. முதல் தடவை பாண்டிசெல்வி தானாகவே தோற்றாள். இரண்டாம் தடவை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு உள்ளே நுழைந்து, "ஏட்டி, என் பனியன் எங்க?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. பாண்டிசெல்வி திட்டவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் பனியனை எடுத்துக் கொடுத்தாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இன்றைக்கு மூன்றாவது தடவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெபக்குமார் என்கிற பையன் நடத்தும் விளம்பர ஆபீசில் அவள் வேலை பழகிக்கொண்டிருந்தாள். ஜவுளிக்கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போனில் விளம்பரம் போட்டுக் கொடுக்கிற ஆபீஸ். மூன்று தடவைக்குள் பாஸானால் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். காலேஜில் பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கப்பட்டவள் அவள். கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதிலும் அவள் பேர் அச்சாகி அவர் பார்த்ததில்லை. இந்தத் தடவை அது அச்சாக வேண்டும் என்று அவளை விட அவருக்குத்தான் மனசு அதிகம் அடித்துக்கொண்டது.

இதில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. "பாஸானா நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன். அதுவரைக்கும் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

சரி, பெல்லுக்கு வருவோம். பெல் அடிக்காவிட்டால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். எதிர்வீட்டுப் பரிபூரணம் டீச்சர் திரும்பிப் போகவில்லை. கேட்டைப் பிடித்துக் கடகடவென்று ஆட்டினார்.

"செல்வி! ஏ பாண்டிசெல்வி!"

ஆவுடையப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர். மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே காலம் ஓடிவிட்டதால், அவர் ரகசியம் பேசினால் நான்கு வீடு தள்ளிக் கேட்கும்.

"டீச்சர், சத்தம் போடாதீங்க!" என்று அவர் ரகசியமாகச் சொன்னதில் கரண்டுக் கம்பியில் இருந்த காக்கை எழுந்து பறந்தது.

"ஏன் தம்பி? செல்விக்கு மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பொறவு ஏன் உங்க முகம் இப்படி இருக்கு?"

"இப்ப எதுவும் கேக்காதீங்க டீச்சர். பன்னெண்டு மணிக்குத் தெரிஞ்சிரும்."

டீச்சர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மெதுவாக வீட்டுக்குப் போனார். போனவர் பேசாமல் இருந்திருக்கலாம். பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். மூன்று பேரும் கேட்டருகில் நின்று, என்னவாக இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். அதுவும் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக நின்று பேசினார்கள்.

ஆவுடையப்பனுக்கு வேர்த்துவிட்டது. ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது. அப்போதுதான் அவருக்குப் பாடம் நினைவு வந்தது. பாண்டிசெல்வி சப்பாத்தி உருட்டும்போது அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். "விளம்பரத்துல வார்த்தை கம்மியா இருக்கணும். எழுத்து பெருசா இருக்கணும். போறவன் நின்னு பாக்கணும்" என்று அவள் மாவுக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள்.

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் பெரிதாக எழுதி கேட்டில் கட்டினார்: 'சத்தம் போடாதீர்கள்.'

விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம். போகிற வருகிற அத்தனை பேரும் நின்றார்கள். பைக்கில் போனவர்கள் என்ஜினை அணைக்காமலே காலை ஊன்றி, "என்ன விஷயம்ணே?" என்று கேட்டார்கள். தண்ணி கேன் வண்டி நின்றது. அதற்குப் பின்னால் வந்த மினி வேன், தண்ணி கேன் வண்டி ஏன் நிற்கிறது என்று ஹாரன் அடித்தது. யாருக்குக் காட்ட வேண்டுமோ அவர்களுக்கு மட்டும்தான் விளம்பரத்தைக் காட்ட வேண்டும் என்று அடுத்த பாடத்தில் வரும். அவர் அதைச் சுத்தமாக மறந்துபோனார்.

உள்ளே ஓடி, படுக்கையறைக் கதவில் காதை வைத்துப் பார்த்தார். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இருமல் இல்லை, நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. இந்தக் கலவரத்திலும் என்ன கவனம் பார் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

வெளியே வந்தால் வாசலில் பத்துப் பேர். நிற்கிறவர்கள்தான் பேசுகிறார்கள், உட்கார வைத்துவிட்டால் வாய் அடங்கும் என்று அவருக்குத் தோன்றியது. தெருமுனையில் இருளப்பசாமியின் பந்தல் கடைக்கு ஓடினார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் சேர் வேணும். சத்தமில்லாம கொண்டாந்து போடணும்."

இருளப்பசாமி அவர் முகத்தைப் பார்த்தார். நல்ல காரியம் என்றால் சேர் கேட்க வருகிறவர்கள் தாமாகவே பத்திரிகையை நீட்டிவிடுவார்கள். விசேஷம் என்னவென்று சொல்லாமல் சேர் கேட்டால் அது ஒன்றே ஒன்றுதான். அதனால் இருளப்பசாமி எதையும் கேட்பதில்லை. தொழிலில் அது ஒரு மரியாதை.

"மேளம் சொல்லிரவா?" என்று மட்டும் தணிந்த குரலில் கேட்டார். 

"மேளமா? ஐயோ, அண்ணாச்சி! ஒரு சத்தமும் கூடாது!"

"சரி, சரி. அவிய அவிய விருப்பம்."

அவருடைய ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு சேர் இன்னொரு சேரில் இடிக்காமல் வரிசையாகப் போட்டார்கள். கேட்காமலே ஒரு சாமியானாவும் கட்டினார்கள். ஆவுடையப்பனுக்கு நிம்மதி. அதற்குப் பிறகு நடந்ததுதான் அவருக்குப் பெரிய ஆச்சரியம். வருகிற ஆண்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். அவர் இரண்டு கைகளையும் தொட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தார்கள். தெருவே அடங்கிப்போனது. ராஜபாளையத்துச் சஞ்சீவி மலையடிவாரத்து ஜனங்களுக்கு இம்புட்டுப் பண்பா என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாண்டிசெல்வியின் சித்தி வெள்ளைத்தாய் சேதி கேட்டு மம்சாபுரத்திலிருந்து வந்திருந்தாள். துட்டி கேட்கப் போகிற சாவு வீடுகளில் வெள்ளைத்தாய் வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆட்டோவிலிருந்து ஒரு காலை இறக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மார்பில் அடித்துக்கொள்ள இரண்டு கையையும் தூக்கி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

அந்தக் கணத்தில்தான் ஆவுடையப்பனுக்கு எல்லாம் விளங்கியது. சேர், சாமியானா, துண்டு, கை தொட்டது, எல்லாம்.

"அத்தை! அழுதிராதீங்க!"

"எப்படி மாப்ள அழாம இருப்பேன்? என் தங்கத்தைத் தூக்கிக் குடுத்துட்டு..."

"அவ நல்லாத்தான் இருக்கா!"

பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "பாவம், மனசு ஏத்துக்கிட மாட்டேங்கு."

"நல்லா இருந்தா கதவைத் தொறங்க. நான் என் பிள்ளையப் பாக்கணும்."

"தொறக்கக் கூடாது அத்தை."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல முடிந்தால் இந்தப் பாடு எதற்கு? சொன்னால் சத்தியம் போச்சு. சொல்லாவிட்டால் ஒப்பாரி. ஒப்பாரி கேட்டால் பரீட்சை போச்சு. அவர் வாசல் நிலையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அத்தை, உங்க கால்ல விழுதேன். பன்னெண்டு மணி வரைக்கும் பொறுங்க. அதுக்குப் பொறவு எம்புட்டு வேணாலும் அழுதுக்கிடுங்க."

வெள்ளைத்தாய் திகைத்துப்போய் இழுத்த மூச்சை மெல்ல விட்டாள். "ஆஸ்பத்திரியிலேருந்து யாரோ வரணும்போல. அதுவரைக்கும் தொறக்கக் கூடாது" என்று பரிபூரணம் டீச்சர் அவள் காதில் சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தார். பைபிளைத் திறந்து உதடு அசையாமல் ஜெபித்தார்.

ஆவுடையப்பன் வாசற்படியில் உட்கார்ந்தார். கிசுகிசுவென்று பேச்சு காதில் விழுந்தது.

"என் மகளுக்கு ரத்தம் தேவைன்னப்ப ராத்திரியோட வந்து நின்ன பிள்ளை."

"பஸ்ஸுக்கு ஓடும்போதுகூட என் ஆச்சி எப்படி இருக்காங்கன்னு கேட்டுட்டுத்தான் ஓடும்."

"அவ ஒரு நாளாவது செத்த நேரம் உக்காந்து நான் பாத்ததில்லடி. ஒண்ணு அடுப்படி, இல்லன்னா ஆபீசு. ரெண்டும் இல்லன்னா, 'ஏட்டி, அது எங்க, ஏட்டி, இது எங்க'ன்னு இவரு கூப்பிடுத சத்தம் கேக்கும்."

அவருக்குச் சுருக்கென்றது. அவர் கூப்பிடுவது தெரு முழுக்கக் கேட்கும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். நிஜமாகவே அவள் இல்லாமல் போய்விட்டால் என்று ஒரு நினைப்பு ஓடியது. பனியன் எங்கே இருக்கும் என்பதல்ல, அந்த வீட்டில் தான் எங்கே இருப்போம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. உள்ளே அவள் உயிரும் உடம்புமாகப் பரீட்சை எழுதுகிறாள் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் ஆவுடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதிலும் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார்.

அதைப் பார்த்து மொத்தச் சாமியானாவும் சத்தமில்லாமல் அழுதது.

பன்னிரண்டு மணிக்குப் படுக்கையறைக் கதவு திறந்தது. முடி கலைந்து, கண் சிவந்து, பாண்டிசெல்வி வாசலுக்கு வந்தாள். எவ்வளவு கஷ்டமான கேள்விகளோ என்று அவர் பதறி எழுந்தார்.

முன்வரிசை சேர்கள் மூன்று சாய்ந்தன. பரிபூரணம் டீச்சர், "இயேசப்பா!" என்றார். வெள்ளைத்தாய் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னங்க இது? யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் பாண்டிசெல்வி.

ஆவுடையப்பனுக்குச் சத்தியம், ரகசியம் எல்லாம் காற்றில் பறந்தது. மில் குரலில் கேட்டார்.

"பரீட்சை என்னாச்சு? பாஸா?"

அவள் சாமியானாவைப் பார்த்தாள். கேட்டில் ஆடிய காலண்டரைப் பார்த்தாள். ஊரையே ஊமையாக்கிவிட்டு, அழுது வீங்கிய முகத்தோடு நிற்கிற கணவனைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"பாஸாயிட்டேங்க" என்றாள் மெதுவாக.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! எம் பொண்டாட்டி பாஸாயிட்டா! விளம்பரத்துல சான்றிதழ் வாங்கிட்டா!"

"பரீட்சையா?" என்றாள் வெள்ளைத்தாய். "பரீட்சைக்கா மாப்ள என்னை அழ விடாம உக்கார வச்சீங்க?" சேர்த்து வைத்திருந்த மூச்சு அத்தனையும் அப்போது வெளியே வந்தது. பாண்டிசெல்வியைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் மூன்று தெரு நாய்களும் குரைத்தன. இருளப்பசாமி, மேளத்துக்கு இப்போது சொல்லலாமா என்று கேட்டார். ஆவுடையப்பன், சொல்லுங்க அண்ணாச்சி என்றார்.

அந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு கார் வந்து நின்றது. டீச்சரிடம் சின்ன வகுப்பில் படித்தவன் விளம்பர ஆபீஸ் ஜெபக்குமார். டீச்சர் போன் செய்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓடி வந்திருந்தான். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை. பாண்டிசெல்வியைக் கண்டதும் மாலையோடு அப்படியே கார் கதவில் சாய்ந்தான்.

"பயப்படாதப்பா" என்று டீச்சர் அவன் முதுகைத் தடவினார். "எல்லாம் எங்க தப்பு. செல்வி உள்ள பரீட்சை எழுதிட்டு இருந்திருக்கா. பாஸாம்!"

ஜெபக்குமார் விழித்தான்.

"இன்னைக்கு என்னக்கா பரீட்சை? அதுதான் போன வாரமே நம்ம ஆபீஸ்ல உக்காந்து எழுதிப் பாஸாயிட்டீங்களே! இன்னைக்கு, 'யாரும் கூப்பிடாம வீட்ல ரெண்டு மணி நேரம் தூங்கணும் தம்பி'ன்னு சொல்லில்ல லீவு வாங்கிட்டு வந்தீங்க?"