சும்மா இருக்க ஓர் ஒத்திகை

“இந்த வீட்டுல வேலை நடந்த அடையாளமே இருக்கப்படாது,” என்றபடி, பட்டாசுக் குழாய் சுற்றும் கம்பியையும் பசைக்கான மைதா டின்னையும் பரணில் ஏற்றினான் சங்கிலிமுத்து.

கொரோனா ஊரடங்கில் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிகள் பூட்டி நாற்பது நாளாகிவிட்டது. வேலையிழந்த தொழிலாளர்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்திருந்தது. மனுப் போட்ட வீடுகளை விசாரிக்க இன்று அதிகாரி வருகிறார். பணம் வந்தால்தான் சிலிண்டர். நான்கு நாளாகக் கருவேல விறகுப் புகையில்தான் சோறு வேகிறது.

“நாமதான் சும்மா இருக்கமே. பெறகு எதுக்கு ஒளிக்கீக?” என்றாள் மனைவி வள்ளித்தாய்.

“கம்பியப் பார்த்தா, வீட்டுல வச்சு வேலை பார்க்கோம்னு பேரை அடிச்சுருவாகளே.”

டின் சரிந்து மைதா தரையெங்கும் கொட்டியது. கழுவிவிடலாமென்று தண்ணீர் ஊற்றினான். தரையே பசையாகிவிட்டது. அதை மறைக்கப் பழைய பேப்பரை விரித்து, வள்ளித்தாயை அதன்மேல் உட்காரவைத்தான்.

“கைய அசைக்காத.”

வெடிமருந்து அடைத்து அடைத்து வெள்ளி பூத்திருந்த தன் நகங்களைப் புளி போட்டுத் தேய்த்தான். கம்பெனி அடையாள அட்டையை அரிசிக்குள் புதைத்தான். திரும்பி வந்தால், வள்ளித்தாயின் மடியில் ஆறு பேப்பர் குழாய்கள்.

“ஏ வள்ளி!”

“பதினாறு வருசப் பழக்கம். பேப்பரும் பசையும் பக்கத்துல இருந்தா, கை என்னையக் கேக்கவா செய்யிது?”

அவன் குழாய்களை அடுப்பில் திணிக்கவும், வாசலில் ஜீப் நிற்கவும் சரியாக இருந்தது.

அதிகாரி யோகேஸ்வரி முகக்கவசத்தோடு உள்ளே வந்தார். கூடவே கிராம உதவியாளர் அய்யாதுரை.

“என்ன தொழில் பார்க்கீங்க?”

“ஒரு தொழிலும் இல்லம்மா.”

“ஊரடங்குக்கு முன்னாடி?”

“முன்னாடியும் இல்ல,” என்றான் சங்கிலிமுத்து. எதற்கும் இருக்கட்டுமென்று, “எங்க அப்பாவும் சும்மாதான் இருந்தாரு,” என்று சேர்த்துக்கொண்டான்.

“கம்பெனி அட்டை இருக்கா?”

“அந்தச் சோலியே எங்க வீட்டுல கிடையாதும்மா.”

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை வள்ளித்தாயிடம் கொடுத்துவிட்டு, அய்யாதுரையிடம் ஏதோ முணுமுணுத்தார். திரும்பியபோது படிவத்தைக் காணவில்லை. வள்ளித்தாயின் கையில் விரல் தடிமனில் ஒரு குழாய் இருந்தது. ஓரம் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

சங்கிலிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். “மன்னிச்சிருங்கம்மா. ரெண்டு பேரும் பட்டாசு வேலைதான். ஆனா இந்த நாப்பது நாளும் ஒரு வேலையும் பார்க்கலம்மா, சத்தியமா.”

அதிகாரி குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிய படிவம் ஒன்றை எடுத்து, இம்முறை தன் கையிலேயே பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்கிவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.

“அண்ணாச்சி, எங்க பேரை அடிச்சுட்டாகளா?” என்று அய்யாதுரையின் பின்னாலேயே ஓடினான் சங்கிலிமுத்து.

“வேலை இல்லங்கிறதுதான் ஊருக்கே தெரியுமேப்பா. நெசமாவே பட்டாசுத் தொழிலாளிதானான்னு பார்க்கத்தான் அம்மா வீடு வீடா அலையிறாக. காலையிலருந்து ஏறி இறங்கின பதினெட்டு வீட்டுல, ஆமான்னு ஒத்துக்கிட்ட மொத ஆளு நீதான்.”