முயலின் தகப்பன் பெயர்

படிவத்தின் முதல் எட்டுக் கேள்விகளைச் சோலைராஜ் கண்ணாடி போடாமலே தாண்டிவிட்டார். ஒன்பதாவதில் மாட்டிக்கொண்டார்.

'முயலின் தகப்பன், தாய், பாட்டன், பாட்டி பெயர்களைக் குறிப்பிட்டு, அத்தாட்சிப் பத்திரம் இணைக்கவும். பத்திரம் இல்லாத முயல் போட்டியில் சேர்க்கப்படாது.'

கூண்டுக்குள் செல்லி அகத்திக்கீரையை மென்றுகொண்டிருந்தது. பால் வெள்ளை, சிவந்த கண், ஒரு மயிர் நிறம் மாறாத உடம்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையிலிருந்து வாங்கி வந்து ஒரு மாதம் ஆகிறது. பார்த்தவர்கள் எல்லாரும், "போட்டிக்குப் போற முயலுல்லா இது" என்றார்கள். முயல் அழகுப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. இன்று வியாழன்.

"செல்லி, ஒங்கப்பன் பேரு என்னட்டி?" என்று கேட்டார்.

அடுக்களையில் ஒரு தட்டு டங்கென்று விழுந்தது. அது அவர் மனைவி வேலுத்தாயின் பதில்.

வேலுத்தாய் அவரோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் இந்து வீட்டை விட்டுப்போன அன்று நிறுத்தியது. இந்துவும், அவளோடு மில் ஆபீசில் வேலை பார்த்த வினோத்தும் முறையாகத்தான் ஆரம்பித்தார்கள். பையனின் அப்பா பெண் கேட்டு ராஜபாளையத்துக்கு வந்தார். சோலைராஜ் தகரக் கேட்டைத் திறக்கவே இல்லை; வந்தவர் முகத்தை ஜன்னல் வழியே பார்த்தது வேலுத்தாய் மட்டும்தான். உள்ளே நின்றபடி "என்ன ஆளுக?" என்று சாதி கேட்டார். பதில் வந்தது. "அப்பக் கெளம்புங்க" என்றார். விஷயம் முடிந்தது. அவருடைய நாய் கர்ணன் வேறு கேட்டில் ஏறி நின்று தெருவே அதிரக் குரைத்துக்கொண்டிருந்தது. மூன்று தலைமுறைக்கு வம்சாவளிப் பேப்பர் உள்ள அசல் ராஜபாளையம் சாதி நாய் அது. பேப்பர் இல்லாத எதையும் சோலைராஜ் மதித்ததில்லை.

மறுவாரம் இந்து வினோத்தைக் கட்டிக்கொண்டு போனாள். மறுவருடம் கர்ணனும் செத்தது. வீட்டில் பேசவும் ஆளில்லை, குரைக்கவும் ஆளில்லை. கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மனுசனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. இன்னொரு நாய் வாங்க மனம் வரவில்லை. அதனால்தான் முயல்.

அந்த முயலோடு வேலுத்தாய் பேசினாள்.

"ஏட்டி செல்லி, அந்த மனுசனைச் சாப்பிட வரச் சொல்லு."

சோலைராஜ் முதல் நாள் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுநாள், முயலைப் பார்த்து, "செல்லி, கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லு" என்றார். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

"ஏட்டி செல்லி, பிரஷர் இருக்கவியளுக்கு அம்புட்டு உப்பு போதும்னு சொல்லு."

அந்தக் குரலுக்காகவே அவர் தினமும் ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் பக்கத்து வீட்டு ஈஸ்வரி துணிந்து கேட்டுவிட்டாள். "அக்கா, அண்ணன்கிட்ட என்னைக்குத்தான் நேரா பேசப்போறீய?"

"இந்த மனுசன் செஞ்ச காரியத்துல ஒண்ணாவது உருப்படட்டும். இந்த முயலு செயிச்சு வரட்டும். அன்னைக்குப் பேசுதேன்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாளோ என்னவோ. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த சோலைராஜ் அன்றைக்கே பஸ் ஏறிப் போய்ப் படிவம் வாங்கி வந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கும் ஆள் அவர். இந்த முயலுக்கு நாலு காலும் இருந்தன. பேப்பர்தான் இல்லை.

முயலை விற்றவருக்குப் போன் போட்டார். அவர் பெயரை இவர் கேட்டதே இல்லை. போனில் 'முயல்' என்றுதான் பதிந்து வைத்திருந்தார்.

"ஹலோ, செல்லிக்குப் பேப்பர் தரலியே நீங்க?"

"தந்தேனே ஐயா. கூண்டுக்கு அடியில விரிச்சுல்லா குடுத்தேன்!"

"அந்தப் பேப்பர் இல்லய்யா. அப்பன், பாட்டன் பேரெல்லாம் போட்ட பேப்பர். அது என்ன சாதி முயலுன்னு தெரியணும்லா?"

அந்தப் பக்கம் ஒரு வாளியை நங்கென்று கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தாயும் தகப்பனும் எங்க வீட்டுலதான் இருக்கு. நீங்களே வந்து ஒரு எட்டு பாருங்க. எல்லாம் எங்க மருமவ கையில வளந்தது. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

"காப்பிக்கா நான் அலையுதேன்? எழுத்துல இருக்கா, இல்லியா?"

"எழுத்துல இல்ல ஐயா."

சோலைராஜ் பட்டென்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் போய், நோட்டரி வக்கீல் சாம்சனைப் பிடித்தார். "கவலையை விடுங்க. ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டா முடிஞ்சது" என்றார் சாம்சன். டைப் அடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டார்.

"பேரு?"

"செல்லி."

"தகப்பனார் பேரு?"

"தெரியாது."

"தாயார்?"

"தெரியாது."

"பாட்டனார்?"

"தெரிஞ்சா நான் ஏன்யா இங்க வாரேன்?"

சாம்சன் முத்திரை குத்திக் கொடுத்ததைப் பஸ்ஸில் வரும்போதுதான் சோலைராஜ் படித்தார். 'மேற்படி செல்லி என்பவர் தாய் தகப்பன் இன்னாரென்று அறியப்படாத அநாதை என்றும், அன்னாருக்கு வேறு வாரிசுகள் எவரும் இல்லை என்றும் இதனால் உறுதி கூறுகிறேன்.' முன்னால் பேப்பர்தான் இல்லை. இப்போது பேப்பர் இல்லை என்பதற்கே பேப்பர் வந்துவிட்டது.

ராத்திரி சாப்பாட்டின்போது அந்தப் பத்திரம் வேலுத்தாயின் கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஏட்டி செல்லி, பெத்தவுக உசுரோட இருக்கும்போதே ஒன்னைய அநாதை ஆக்கிட்டு வந்திருக்காரு பாரு இந்த மனுசன்."

அவள் செல்லியைத்தான் சொன்னாளா என்று சோலைராஜுக்குச் சந்தேகமாக இருந்தது. சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை பிரேம்குமார் வந்தான். நாய் வியாபாரி, கர்ணனை விற்றவன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"எண்ணே, கர்ணன் பேப்பர் பீரோவுல சும்மாதான கெடக்கு?"

"அது நாயிடே."

"நாயின்னு ஒரே ஒரு எடத்துலதான் போட்டிருக்கு. அதுல வெள்ளை அடிச்சு முயல்னு எழுதுவோம். பேரையும் மாத்திருவோம். ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. வேற என்ன வேணும்?"

சோலைராஜ் பீரோவைத் திறந்தார். கர்ணனின் பேப்பர் இருந்த அதே உறையில் இன்னொரு காகிதமும் இருந்தது. இந்துவின் பிறப்புச் சான்று. 'தகப்பன் பெயர்: சோலைராஜ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டதாகப் பிரேம்குமாரிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும்போது, "ஏட்டி செல்லி, நானும் வாரேன்னு சொல்லு" என்றாள் வேலுத்தாய். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட் தள்ளி, கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அதற்கே சோலைராஜுக்குப் பாதிக் கப்பு வாங்கிய மாதிரி இருந்தது.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடை முழுக்க முயல் கூண்டுகள். வரிசையாக ஒவ்வொரு கூண்டுக்கும் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார். பார்த்தால், செல்லியை விற்ற முயல்காரர்தான். சோலைராஜைக் கண்டதும் கும்பிட்டார். சோலைராஜ் பார்க்காத மாதிரி மேசைக்குப் போனார். பேப்பர் தராத ஆளுக்கு என்ன கும்பிடு!

மேசையில் ஹெப்சிபா என்ற அம்மாள் இருந்தார். முயல் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். லேமினேஷன் போட்ட காகிதத்தை வாங்கிச் சத்தமாகவே படித்தார்.

"இனம், முயல். தகப்பன் பெயர், பீமன். உயரம்..." கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ரெண்டேகால் அடியா?"

"எந்திரிச்சு நின்னா வரும்" என்றார் சோலைராஜ்.

"சுபாவம், அந்நியரைக் கண்டால் பாயும். காட்டுப்பன்றி வேட்டைக்கு ஏற்றது."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. செல்லி கூண்டுக்குள் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ, "அந்தப் பன்னிய மொதல்ல பாக்கணுமே" என்றான். கொல்லென்று சிரித்தார்கள்.

சோலைராஜ் பதறிப்போய்ப் பையைத் துழாவி, கைக்கு வந்த காகிதத்தை நீட்டினார். அது சாம்சன் கொடுத்த பத்திரம்.

"இதுல அநாதைன்னு இருக்கு. அதுல அப்பன் பேரு பீமன்னு இருக்கு. எது சார் நெசம்?"

"ரெண்டும் இல்ல" என்றார் சோலைராஜ்.

ஹெப்சிபா இரண்டு காகிதங்களையும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பேப்பர் இல்லாத முயல இங்க சேக்கிறதில்ல. அப்பக் கெளம்புங்க."

சோலைராஜ் திரும்பி வேலுத்தாயைப் பார்த்தார். சிரிப்பவர்கள் கண்ணில் படாமல், அவள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கூண்டை மூடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ.

"முயலைப் பாருங்கம்மா!" என்று கத்தினார். "வாசல்ல வந்து நிக்கிற முயல ஒரு தடவ கண்ணால பாக்கக் கூடாதா? அதுக்கு என்ன கொற? காதைப் பாருங்க, கண்ணைப் பாருங்க. அதோட கொணத்தைப் பாருங்க. அப்பன் யாரு, பாட்டன் யாருன்னு காகிதத்தைக் கேக்கியளே, காகிதமா உங்க கூட வாழப்போகுது? பொறந்த எடத்துக்கு அது என்னம்மா பண்ணும்? இப்படிக் கேட்டுக்கு வெளிய தொரத்துனா, அதைக் கொண்டுவந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்னு ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்தியளா?"

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சோலைராஜுக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு முயல்காரர் மெல்ல நடந்து வந்தார். அவரைப் பக்கத்தில் பார்த்ததும் வேலுத்தாய் சட்டென்று எழுந்து நின்றாள். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சோலைராஜின் தோளைத் தொட்டார்.

"இதையேதான் ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒங்க கேட்டுக்கு வெளிய நின்னு நானும் சொன்னேன். நாய் கொரைச்சதுல ஒங்க காதுல விழல, சம்பந்தி."