ஸ்பேர் அண்ணனும் சி டிரைவும்

பழைய ஹார்ட் டிஸ்க் ‘டக்… டக்’ என்று திக்கும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு ஸ்பேர் அண்ணன் ஞாபகம்தான். எதற்கும் இரண்டு இல்லாமல் வாசல்படி தாண்டாத மனிதர் ஓசூரிலேயே அவர் ஒருவர்தான். இரண்டு கண்ணாடி, இரண்டு சாவிக்கொத்து, பைக்குள் இன்னொரு ஜோடிச் செருப்பு. பல்செட்கூட இரண்டு. போன மாதம் போய்ச் சேர்ந்தார். அதற்கு மட்டும் மாற்று ஏற்பாடு ஏதும் அவரிடம் இல்லை.

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. நான் ஸ்டோர்ஸ், அவர் கம்ப்யூட்டர். மாதமொருமுறை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பழைய சிடியைப் போட்டு, உள்ளே இருப்பதை அப்படியே ஒரே கோப்பாகச் சுருட்டி எடுப்பார். இமேஜ் என்று பெயர். மெஷின் செத்தாலும் அதைக் கொட்டினால் எழுந்து உட்காரும். ஆயுத பூஜையில் அந்தச் சிடிக்கும் பொட்டு உண்டு. மேனேஜரிடம் கன்னடம், என்னிடம் தமிழ், கம்ப்யூட்டரிடம் மட்டும் தெலுங்கு. “ரா தல்லி, ரா” என்று தாயைக் கூப்பிடுவதுபோல் திரையைத் தடவுவார்.

எடுத்ததை அங்கேயே வைக்கக் கூடாதாம். தீப்பிடித்தால் இரண்டும் போய்விடும். ஆகவே ஒரு ஹார்ட் டிஸ்க், பாரூரில் அவருடைய அக்கா வீட்டு அரிசி டிரம்முக்குள் வாழ்ந்தது. ஈரம் அண்டாதாம். ஒருநாள் அக்கா போன் செய்தார்: “தம்பி, இத களைஞ்சு போடணுமா, அப்படியே போட்டா வெந்துருமா?”

அப்புறம் புது விண்டோஸ் வந்தது. இதற்குப் பழைய சிடி ஆகாது, பெங்களூர்க்காரர்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிடலாம் என்றார் மேனேஜர். ஆகும் என்றார் அண்ணன். கடைசியில் பந்தயம்போல் ஆயிற்று. காலி டிஸ்கில் இமேஜைக் கொட்டி எழுப்பிக் காட்டினால் அண்ணனின் வேலை நிலைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

கொட்டினார். முடிந்தது என்றது திரை. அணைத்துப் போட்டார். ஒரே கறுப்பு, மூலையில் ஒரு வெள்ளைக்கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“ரா தல்லி.”

வரவில்லை.

சி டிரைவை மட்டும் இமேஜ் எடுத்தால் போதும், உயிர் அதில்தான் என்பது அவருடைய வருடக்கணக்கான பழக்கம். புது விண்டோஸிலோ மெஷினைக் கிளப்புகிற சங்கதி கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னத் தனிப்பகுதியில் இருந்தது. எல்லாவற்றுக்கும் இரண்டு வைத்தவர் அதற்கு ஒன்றுகூட வைக்கவில்லை. மேனேஜர் “ஹோக்லி பிடி”, போகட்டும் விடு, என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலத்துக்குள் அண்ணன், புது விண்டோஸின் பென்டிரைவை வைத்தே அந்தப் பகுதியை உண்டாக்கிவிட்டார். கம்ப்யூட்டர் எழுந்தது. ஒரு கோப்பும் குறையவில்லை. பார்த்தது நான் ஒருவன். மேனேஜரைக் கூப்பிடட்டுமா என்றேன்.

“வேணாம்ப்பா. அவரு பெங்களூர்க்காரங்களுக்கு வாக்கு குடுத்துட்டாரு.”

மாதக் கடைசியில் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறித் தனக்கே இரண்டு டிக்கெட் வாங்கினார், ஒன்று தொலைந்தால் என்ன செய்வது என்று. கண்டக்டர் பக்கத்துக் காலி சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி நகர்ந்தபோது அண்ணன் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“ரோட்ட பாத்து தாண்டுப்பா. உனக்கு நான் ஸ்பேர் எடுத்து வெக்கல.”